சாம்பல் மேடு கண்ணுக்குத் தெரிகிறது, ஊர் எங்கே? (பல்லாரி: குப்கல், சங்கனகல்லு)

#1 பல்லாரிவாசி

வேலைக்காகப் பல்லாரி வந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த புதிதில் இங்கே வெயிலையும் பாறையையும் தவிர ஒன்றுமில்லை என்று நினைத்தேன். போன ஞாயிறு அறை நண்பரோடு பைக்கில் குப்கல் பக்கம் போனேன். ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டர்தான். யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனது போலப் பாறைக் குன்றுகள். ஒரு குன்றில் மேலிருந்து கீழ்வரை கரும்பாறை நாடா போல ஓடுகிறது. அதில் ஒரு பாறையைக் கூட வந்த பையன் கல்லால் தட்டினான். கோயில் மணி மாதிரி ஒலித்தது!

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. அந்தப் பக்கத்தில் சாம்பல் மேடு இருக்கிறது. வெளிறிய சாம்பல், நடுநடுவே உருகி இறுகிக் கிட்டம் போலக் கண்ணாடிப் பளபளப்போடு கட்டிகள். ஆடு மேய்த்த பெரியவர் "பூதி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கன்னடத்தில் பூதி என்றால் சாம்பல். ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்திலும் இப்படி ஒரு மேடு உண்டு, அதை வாலியை எரித்த சாம்பல் என்பார்கள்.

இது நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய மாட்டுச் சாணிச் சாம்பல் என்று படித்தேன். அப்படியென்றால் அந்த மாட்டுக்காரர்கள் எங்கே குடியிருந்தார்கள்? ஒரு மலை அளவுக்குச் சாணியை விட்டுப் போனவர்களின் வீட்டில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லையா?

#2 சந்தேகப்புலி

சாணிதான் என்று யார் சோதித்தார்கள்? பல்லாரி இரும்புத் தாது பூமி. கிட்டம் கிடந்தால் இரும்பு உருக்கிய கசடு என்று நினைப்பதுதான் இயல்பு. இல்லையென்றால் சுண்ணாம்புக் காளவாய். நாலாயிரம் வருடம் என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரு குஷி, அவ்வளவுதான்.

#3 சில்லுப்பொறுக்கி

புலி, உங்கள் சந்தேகம் புதிதல்ல. நூறு வருடத்துக்கு மேல் படித்தவர்களே இதில் சண்டை போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1830, 40களில் நியூபோல்டு என்ற ராணுவ அதிகாரி இந்த மேடுகளைப் பற்றி எழுதினார். 1899இல் ராபர்ட் சீவெல் இவற்றை விஜயநகர காலத்துப் பிண எரிப்போடு தொடர்புபடுத்திப் பார்த்தார். விஜயநகர வரலாறு எழுதியவர், அவருக்கு எல்லாமே விஜயநகரமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் இதைச் சாணி என்று அடித்துச் சொன்னவர். மேடுகளைச் சுற்றிக் கற்கோடரியும் கையால் வனைந்த பானை ஓடும் கிடப்பதை அவர் கவனித்திருந்தார். புவியியலாளர் என்பதால் உருகிய பாறைக்கும் உருகிய சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியும்.

1960 வாக்கில் சாய்னர் என்ற ஆய்வாளர் மாதிரிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மாடு தின்ற புல்லில் இருக்கும் மணற்சத்து எரிந்தாலும் அழியாது, சாம்பலோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும். உலோகக் கசடு இல்லை, சாணிதான் என்று அதோடு முடிந்தது.

இதற்கு முன்பே, 1957இல், தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின் உத்னூரில் ஒரு மேட்டை வெட்டிப் பார்த்தார். அன்றைய மகபூப்நகர் மாவட்டம், இப்போது தெலங்கானா. அடியில் கிடைத்தது மாடு அடைக்கும் பட்டி: வரிசையாகக் கம்பம் நட்ட குழிகள், உள்ளே மாட்டுக் குளம்புத் தடங்கள். பட்டி எரிந்திருக்கிறது, அதன்மேல் மறுபடி பட்டி போட்டிருக்கிறார்கள், மறுபடி எரிந்திருக்கிறது. இப்படிப் பல முறை. இந்த மாதிரி மேடுகள் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கும் மேல் உண்டு.

பல்லாரிவாசிக்கு ஒரு உபரித் தகவல்: 1953 வரை பல்லாரி சென்னை மாகாணத்தில் இருந்தது. ஃபூட் சேர்த்த கற்கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூரில் பார்க்கலாம்.

#4 அன்னபூரணி

நான் படித்தவள் இல்லை, ஆனால் வறட்டி தட்டியவள். அடுப்பில் எத்தனை வறட்டி வைத்தாலும் பூப்போலச் சாம்பல்தான் மிஞ்சும், கண்ணாடி எல்லாம் ஆகாது. கிட்டம் ஆகணும்னா குயவர் சூளை மாதிரி குவித்து மூடி, காற்று உள்ளே ஓடி, மணிக்கணக்கில் கனல வேண்டும். தெரியாமல் பற்றிய தீ இப்படிச் செய்யாது. யாரோ நின்று எரித்திருக்கிறார்கள்.

#5 சில்லுப்பொறுக்கி

அக்கா, ஆய்வுக்கூடம் சொன்னதை அடுப்படியிலிருந்து சொல்லிவிட்டீர்கள். குப்பைமேடு தானாகப் பற்றி நாள்கணக்கில் புகைவதும் உண்டுதான். ஆனால் மேட்டின் வெட்டுமுகத்தில் எரியாத சாணி, மெல்லிய சாம்பல், உருகிய கிட்டம் என்று அடுக்கடுக்காக வருகிறது. ஒரே விபத்தில் அப்படி வராது. அதனால்தான் ஆல்சின் இதை ஆண்டுதோறும் வரும் சடங்குத் தீ என்று நினைத்தார். பொங்கல், ஹோலி போன்ற நாள்களில் மாடுகளை நெருப்பைத் தாண்ட வைப்பதோடு ஒப்பிட்டார். மைசூர், மண்டியா பக்கம் சங்கராந்தி மாலையில் இன்றும் மாட்டை நெருப்பு தாண்ட விடுகிறார்கள்.

#6 கிடைமாடு

மானாமதுரைப் பக்கம். எங்கப்பாரு காலத்திலிருந்து மாட்டுக்கிடை போடுற குடும்பம். இத்தனை பேரு படிச்சவக எழுதுறீங்க, ஒருத்தராவது இதைக் கேக்கலையே. எருவை எவனாச்சும் எரிப்பானா?

எங்க மாட்டை ஒரு ராத்திரி வயக்காட்டுல படுக்கப் போட்டா சம்சாரி கூலி குடுக்குறாக, நெல்லோ பணமோ. எதுக்கு? சாணிக்கும் மூத்திரத்துக்கும்தான. ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்னு சொல்லுவாக. வெள்ளாமை வச்சவன் அதை மலையாட்டம் குவிச்சு வச்சுக் கொளுத்துனான்னா நான் நம்பமாட்டேன். அந்த ஆளுக வெவசாயிக இல்ல. ஊர் ஊரா மாடு பத்திக்கிட்டுப் போன கிடைக்காரவுக. அதான் வீடு கெடைக்கல. எங்களுக்கும் கெடையில வீடு ஏது? நாலு கம்பு, ஒரு சாக்கு.

#7 பல்லாரிவாசி

அண்ணே, இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை. எனக்கும் இதே எண்ணம்தான் ஓடியது. ஆல்சினும் உங்கள் பக்கம்தான் போல. 1963இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே அவர்களை மாடு வளர்ப்பவர்கள் என்றுதான் சொல்கிறார்.

#8 சில்லுப்பொறுக்கி

இல்லை, இதோடு முடியவில்லை. கிடைமாடு அண்ணன் கேட்டது சரியான கேள்வி, ஆனால் விடை அந்தப் பக்கம் சாயவில்லை.

ஊர் கிடைக்கவில்லை என்றீர்களே, கிடைத்திருக்கிறது. பல்லாரிவாசி ஏறிய குன்றுகளின் தலையிலேயே. குப்கலை ஒட்டிய சங்கனகல்லுவில் 1940களில் சுப்பாராவ் தோண்டினார், 60களில் அன்சாரியும் நாகராஜ ராவும். பிறகு தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்து ரவி கொரிசெட்டரும், டோரியன் ஃபுல்லர், நிக்கோல் பாய்வின் ஆகிய தொல்லியலாளர்களும் சேர்ந்து பல வருடம் வேலை செய்தார்கள். சுவர் தேடினால் கிடைக்காது. வீடு என்பது வட்டமாகக் கம்பு நட்டு, தட்டி கட்டி, மண் பூசிய குடிசை. கம்பு மக்கிப்போன குழியில் வேறு நிற மண் நிறைந்திருக்கும், அவ்வளவுதான் வீடு. மிதித்து இறுகிய தரை ஒன்று. சில இடங்களில் அந்தத் தரைக்கடியில் தாழியில் வைத்துப் புதைத்த குழந்தை. பக்கத்துப் பாறையில் அரைத்து அரைத்துத் தேய்ந்த பள்ளம், இதை மட்டும் இன்றைக்கும் கையால் தடவிப் பார்க்கலாம்.

இப்போது முக்கியமான இடம். தோண்டிய மண்ணை வாளி வாளியாகத் தண்ணீரில் கரைப்பார்கள். மண் அடியில் தங்கும், கரியான விதை மிதக்கும். வடிகட்டி, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். ஃபுல்லர் அப்படிப் பிரித்ததில் திரும்பத் திரும்ப வந்தவை நாலு: கொள்ளு, பாசிப்பயறு, இரண்டு வகைச் சிறுதானியம். அந்தச் சிறுதானியத்தில் ஒன்று கன்னடத்தில் கொரலே, தெலுங்கில் அண்டு கொர்ரலு. இன்றைக்குச் சிறுதானியக் கடைகளில் விலை கேட்டால் மயக்கம் வரும். இன்னொன்று இப்போது வெறும் களை, வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த ஜாதிப் புல். அதை அவர்கள் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்! கோதுமையும் பார்லியும் பின்னால் கொஞ்சமாக வந்து சேர்கின்றன. சந்தனக்கட்டையின் கரிகூடக் கிடைத்திருக்கிறது.

ஆக, விதைத்தவர்கள்தான். பயிரை விட்டுவிட்டு வருடம் பூராவும் அலைந்திருக்க முடியாது. யாத்கிர் பக்கம் புடிஹாலில் புனே டெக்கான் கல்லூரியின் பத்தையா 1990களில் தோண்டியபோது சாம்பல் மேடு, அதை ஒட்டியே குடியிருப்பு, மாடு அறுத்த தரை எல்லாம் ஒரே இடத்தில் வந்தன. பட்டி வேறு ஊர் வேறு என்று பிரிப்பதற்கில்லை.

#9 வேர்ச்சொல்

இதில் மொழிச் சான்று ஒன்று இருக்கிறது. தமிழில் பயறு, கன்னடத்தில் ஹெசரு, தெலுங்கில் பெசலு. மூன்றும் ஒரே வேர். மூன்று மொழியும் பிரிவதற்கு முன்பே அந்தச் சொல் இருந்திருந்தால் அந்தப் பயிரும் அவர்கள் கையில் இருந்திருக்கும் என்பது வாதம். ஃபுல்லரும் மொழியியலாளர் சவுத்வொர்த்தும் இந்தக் கோணத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டிக்காரர்கள் பேசியது தொல்திராவிடம் என்றே நான் சொல்வேன்.

#10 சந்தேகப்புலி

வந்துட்டாரய்யா. நாளைக்கு "4000 ஆண்டுக்கு முன் பல்லாரியில் தமிழன் கட்டிய சாம்பல் மலை!!!" என்று ஒரு வீடியோ வரும், பின்னணியில் பறை அடிப்பார்கள்.

பானை ஓடு பேசாது வேர்ச்சொல். எழுத்தில்லாத ஊரில் என்ன மொழி பேசினார்கள் என்று விதையை வைத்து எப்படிச் சொல்வீர்கள்? மிளகாய்க்கும் நமக்கு நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது, அது வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து.

#11 வேர்ச்சொல்

மிளகாய் என்பது மிளகிலிருந்து பிற்காலத்தில் ஆக்கிய சொல், பயறு அப்படி அல்ல. வேர்ச்சொல்லுக்கும் ஆக்கச்சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் கிண்டல் மட்டும்…

#12 நெறியாளர்

மொழிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மாடும் சாம்பலும் மட்டும்.

#13 வேர்ச்சொல்

சரி. "பேசியது" என்பதை "பேசியிருக்கலாம்" என்று மாற்றிக்கொள்கிறேன். அதற்கு மேல் இறங்கமாட்டேன்.

#14 பல்லாரிவாசி

நடுவில் ஒன்று கேட்டுவிடுகிறேன். அந்த மணிப் பாறை?

#15 சில்லுப்பொறுக்கி

அந்தக் கரும்பாறை நாடா டாலரைட் என்ற கல்வகை. சுற்றியிருக்கும் கருங்கல்லை விட நெருக்கமான கல், அதனால்தான் கோடரி செய்ய அதைத் தேடிப்போனார்கள். ஹிரேகுட்டா என்கிற அந்தக் குன்றில் கோடரிப் பட்டறையே இருந்தது. கால் வைக்கும் இடமெல்லாம் செதில். கி.மு. 1400ஐ ஒட்டிய காலத்தில் தங்கள் ஊர்த் தேவைக்கு மிஞ்சியே செய்திருக்கிறார்கள், மற்ற ஊர்களுக்குப் போயிருக்க வேண்டும். அதே டாலரைட்டில் திமிலும் நீண்ட கொம்பும் கொண்ட மாடுகளைத் தட்டித் தட்டியே பொறித்திருக்கிறார்கள். சில பாறைகளில் தட்டிய குழிகள் பழையவை, ஒலிக்காகவே தட்டியவை என்று பாய்வின் 2004இல் எழுதினார். உங்கள் கூட வந்த பையன் தட்டிய பாறை அதுவாக இருக்கலாம். அடுத்தமுறை தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே கல் குவாரிக்காரர்கள் குன்றைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். சாம்பலை உரத்துக்கென்று வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனதில் பல மேடுகள் காணாமலே போய்விட்டன.

#16 கிடைமாடு

இத இப்பத்தான் பாக்குறேன், ரெண்டு நாளா செல்லுல சார்ஜ் இல்ல.

ஒண்ணு கேக்கணும் தம்பிகளா. சாம்பலை உரமா அள்ளுறாகன்னா, இன்னைக்குச் சம்சாரிக்குத் தெரியுறது அன்னைக்கு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அதை விடுங்க. கொள்ளு, பாசிப்பயறுன்னு சொன்னீக. அதெல்லாம் மானாவாரி. மழைய நம்பி வெதைக்கிறது. அப்ப நான் முன்ன சொன்னதை மாத்திக்கிறேன்.

எங்க ஊருல எப்படின்னா, நெல்லு அறுத்த பெறகு, மாசி பங்குனியில இருந்து ஆனி வரைக்கும் மாடு வயக்காட்டுல. தாளை மேயும், அங்கேயே சாணி போடும். மழை விழுந்து வெதை போட்டாச்சுன்னா மாட்டைக் கண்ணுல காட்டக்கூடாது, ஊரே அடிக்க வரும். அப்ப மாட்டை எங்கயாச்சும் அடைச்சுத்தான் வைக்கணும். அந்த நாலு மாசச் சாணி பட்டியிலதான் கெடக்கும். வயலுக்குக் கொண்டுபோக முடியாது, பயிர் நிக்குதுல்ல.

அந்த ஆளுகளும் அப்படித்தான் இருந்திருப்பாக. காட்டுக்கு வேண்டிய எருவ மாடு நேரா காட்டுலயே போட்டுருச்சு. நீங்க பாத்த மலை, பயிர்க்காலத்துல அடைச்சு வச்ச சாணி. மிச்சச் சாணி. அதுல உண்ணியும் புழுவும் கொசுவும் மண்டும், கோமாரி வந்தா தொழுவம் பூராத் தொத்தும். மறு வருசம் அதே எடத்துல மாட்டைக் கட்டணும்னா கொளுத்தித்தான் ஆகணும். எரு எரிக்கல, பட்டிய எரிச்சிருக்காக.

#17 சந்தேகப்புலி

முதல்முறையாக இந்த இழையில் ஒருவர் எனக்குப் பிடித்த மாதிரி பேசுகிறார். ஆனால் ஓட்டை உண்டு. மழைக்காலச் சாணி நனைந்து கூழாகக் கிடக்கும், அது எப்படிப் பற்றும்? அதோடு பட்டியைச் சுத்தம் பண்ணத்தான் என்றால் சும்மா வாரி ஓரமாகக் கொட்டலாமே. கிட்டமாக உருகும் அளவுக்கு எரிக்க என்ன வேண்டுதல்?

#18 அன்னபூரணி

நனைந்ததை அன்றைக்கேவா எரிப்பார்கள்? தை பிறந்து வெயில் ஏறினால் தானாகக் காய்ந்து கல்லாகிவிடும். சித்திரை வெயிலில் ஒரு கொள்ளி வைத்தால் போதும். நாலு மாசத்துச் சாணியைக் குவித்து வைத்துப் பற்ற வைத்தால் மேலே சாம்பல் மூடி, உள்ளே சூளை மாதிரி கனலும். காற்று அடிக்கிற மேட்டு நிலமாக இருந்தால் இன்னும்.

வேண்டுதல் என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டில் போகிக்குப் பழசைக் கொளுத்துவது சுத்தமா சாமியா என்று என் மாமியாரிடம் கேட்டால் "ரெண்டுந்தான், போய் வேலையைப் பாரு" என்பார்.

#19 சில்லுப்பொறுக்கி

எனக்குக் கை அரிக்கிறது, எழுதியே ஆக வேண்டும்.

கிடைமாடு அண்ணன் சொன்ன பருவக் கணக்கு விதைகளோடு பொருந்துகிறது. அந்த நாலு பயிரும் மழையோடு வளர்ந்து மழைக்குப் பின் அறுப்பவை. ஆனால் "மிச்சச் சாணி" என்பதோடு நான் நிறுத்தமாட்டேன். சில மேடுகள் சமவெளியில் வெகுதூரத்திலிருந்தே தெரியும் அளவுக்கு உயரம். மிச்சத்தை ஓரமாகக் கொட்டினால் சிதறிக் கிடக்கும், இப்படி உயர்த்திக் குவிக்க ஒரு பிடிவாதம் வேண்டும். பீட்டர் ஜோஹான்சன் 2004இல் இதை வைத்துத்தான் இவை கழிவுக் குவியல் அல்ல, வேண்டுமென்றே எழுப்பிய சின்னங்கள் என்று வாதாடினார். எத்தனை மாடு, எத்தனை வருடம் என்று ஊருக்கே காட்டும் கணக்கு மாதிரி. மாடு என்றாலே செல்வம் என்று பொருள் உள்ள மொழிக்காரர்கள் நாம், நமக்கு அது புரியாமல் இருக்காது. (நெறியாளர் மன்னிக்க.)

என்னை மிகவும் உறுத்துவது சங்கனகல்லுவின் சன்னராசம்மா குன்று. அங்கே அடியில் சாணிச் சாம்பல் அடுக்கு. அதன்மேல் ஊர் அடுக்கு. கி.மு. 1700ஐ ஒட்டிச் சாம்பல் குவிப்பது நிற்கிறது, குடிசைகள் அந்த இடத்திலேயே எழுகின்றன, சில நூற்றாண்டுகள் தொடர்கின்றன. முதலில் மாடு படுத்த இடம், பிறகு மனிதர் படுத்த இடம். பல்லாரிவாசி முதல் பதிவில் கேட்ட ஊர், அவர் பார்த்த மாதிரியான சாம்பலின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது.

#20 கிடைமாடு

இதுல அதிசயம் ஒண்ணுமில்ல. கிடை போட்ட எடத்துலதான புல்லு நல்லா வரும், மண்ணு நல்லாருக்கும். எங்க தாத்தா ஊரு பேரே பட்டிதான்.

ஒரு சந்தேகம். அந்தக் குளம்புத் தடம்னு சொன்னீகள்ல, உத்னூருல. அது எப்படிப் பதிஞ்சிருக்கு, ஆழமாவா மேலாப்புலயா? காஞ்ச தரையில மாடு நடந்தா தடம் நிக்காது, புழுதிதான் பறக்கும். தடம் நின்னிருக்குன்னா ஈரத்துல மிதிச்சிருக்கு. அப்ப மழை நேரத்துல மாடு உள்ளதான் இருந்திருக்கு. பெறகு காஞ்சிருக்கு, பெறகுதான் தீ வச்சிருக்காக. நான் சொன்ன கணக்கு சரியா வருதான்னு பாருங்க.

#21 சந்தேகப்புலி

…மூத்திர ஈரத்திலும் பதியலாம். ஆனால் நன்றாக யோசிக்கிறீர்கள் அண்ணே, ஒப்புக்கொள்கிறேன்.

#22 கிடைமாடு

மூத்திர ஈரத்துல பதிஞ்சா படுத்த எடத்துல மட்டும் இருக்கும். வாசப்பக்கமும் இருந்தா மழைதான்.

#23 பல்லாரிவாசி

அண்ணே, பல்லாரியில் ஃபூட் பெயரிலும் சங்கனகல்லு பெயரிலும் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அங்கே போகிறேன். நீங்களும் ஒருமுறை வாருங்கள், தங்க என் அறை இருக்கிறது. குன்றுக்கு நான் கூட்டிப்போகிறேன், மேட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் எங்களுக்குச் சொல்லுங்கள்.

#24 கிடைமாடு

இப்ப எப்படித் தம்பி வர, மாடு முப்பது உருப்படி திருப்புவனம் பக்கம் கிடையில கெடக்கு. ஆனி முடியட்டும். ஆடி பொறந்தா ஒரு வாரம் தம்பிகிட்ட விட்டுட்டு வாரேன். மழைக்கு முன்னாடி வரணுமா, பின்னாடியா?

#25 பல்லாரிவாசி

முன்னாடி வாருங்கள். இங்கே புரட்டாசியில்தான் நல்ல மழை. புல் முளைத்துவிட்டால் சாம்பல் தெரியாது.